வாதி நத்ரூன் மடத்துல ராத்தங்கணுமா? கடிதம், காசு, காலம் எல்லாம் ஒரே இடத்துல

எகிப்துல கெய்ரோவுக்கும் அலெக்சாண்ட்ரியாவுக்கும் இடையில ஓடுற பாலைவன ரோட்டுல, கெய்ரோவுல இருந்து சுமார் 100 கிலோமீட்டர் போனா வாதி நத்ரூன் வரும். பழைய பேர் ஸ்கீட்டிஸ். மக்காரியுஸ், மோசே, ஆர்செனியுஸ், குள்ள யோவான்னு தியானப் பிரசங்கத்துல நாம கேட்குற பாலைவனத் துறவிங்க நிறைய பேர் குடிசை போட்டு உட்கார்ந்த இடம் இதுதான். நாலு மடம் இன்னைக்கும் ஓடுது, உள்ள துறவிங்க இருக்காங்க, விடியறதுக்கு முன்னாடியே ஜெபம் ஆரம்பிக்குது, நாமளும் அனுமதி வாங்கிட்டுப் போய் ஒண்ணு ரெண்டு ராத்திரி தங்கலாம். ஆனா எப்படிப் போறதுன்னு தேடினா கிடைக்கிறதெல்லாம் "ஒரே நாளில் நாலு மடம்"னு டூரிஸ்ட்டுக்கு எழுதினதுதான். ஏஜென்ட், தெரிஞ்ச சாமியார், கல்ஃப்ல இருக்குற காப்டிக் (எகிப்தோட பழைய கிறிஸ்தவ சபை) கோவில், ஏர்லைன்ஸ் கவுண்ட்டர்னு அலைஞ்சு அலைஞ்சு நான் சேர்த்ததை இங்க வரிசையா போடறேன், நீங்களாவது அலையாதீங்க. வரலாறு எழுதப் போறதில்ல.

1. ஒரே ஒரு மடத்தை முடிவு பண்ணுங்க

நாலையும் பாத்துடணும்னு கிளம்பாதீங்க, இதுதான் எல்லாரும் பண்றது. பாலைவன அன்னைகள்ல ஒருத்தங்க அலெக்சாண்ட்ரியா சிங்க்ளெட்டிக்கா. முட்டையை விட்டு எந்திரிச்சுப் போற பறவைக்குக் குஞ்சு பொரியாது, எடம் மாறி எடம் மாறிப் போற துறவிக்கும் அதே கதிதான்னு அவங்க சொன்னதா வழிவழியா சொல்றாங்க. துறவிக்கே அப்படின்னா ரெண்டு நாள் லீவுல போற நமக்கு?

நாலும் ஒரே மாதிரி கிடையாது, அதனால சுருக்கமா சொல்றேன்.

அன்பா பிஷோய் மடம்தான் புதுசா போறவங்களுக்கு சுலபம். நாலுல விருந்தாளிங்களுக்கு அதிகமா திறந்திருக்குறது இதுதான், கூட்டமும் அதனாலயே அதிகம். காப்டிக் சபையோட தலைவரா இருந்த போப் மூன்றாம் ஷெனூதாவை 2012ல அடக்கம் பண்ணது இங்கதான், அந்தக் கல்லறைக்குன்னே பஸ் பஸ்ஸா வருவாங்க. அமைதி வேணும்னா வார நாள்ல போங்க.

சுரியான் மடம் அதுல இருந்து நடந்து போற தூரம்தான். 10ஆம் நூற்றாண்டுல செஞ்ச, யானைத் தந்தம் பதிச்ச மரக்கதவு ஒண்ணு கோவிலுக்குள்ள இருக்கு, அதைப் பாக்காம வராதீங்க. தூங்கிடக் கூடாதுன்னு துறவி பிஷோய் தன் முடியைக் கயித்துல கட்டி மேல மாட்டிட்டு ஜெபம் பண்ணார்னு சொல்ற சின்ன அறையும் இங்கதான் இருக்கு. வளாகத்துக்குள்ள ஒரு பெரிய புளியமரம், புனித எஃப்ரேம் ஊன்றுன கோல் துளிர்த்து மரமாச்சுன்னு அவங்க நம்பிக்கை. எகிப்து பாலைவனத்துல போய் புளியமரத்தடில நிக்கிறது நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு தனி சந்தோஷம்தான், ஆனா இலையைப் பறிக்காதீங்க, ஏதாவது சொல்லிடுவாங்க.

பராமூஸ் கொஞ்சம் தள்ளி வடமேற்குல இருக்கு, அமைதியான எடம், கறுப்பு மோசேயோட திருப்பண்டம் இருக்குறது இங்கதான். கொள்ளைக்காரனா இருந்து துறவியானவர், எனக்கு இந்த நாலு மடத்து ஆட்கள்ல ரொம்பப் பிடிச்சவர்.

அபூ மக்கார், அதாவது மக்காரியுஸ் மடம், தனியா தென்கிழக்குல, கெய்ரோ பக்கமா இருக்கு. 1969ல மத்தா அல் மிஸ்கீன்ங்கிற துறவி தன்னோட 12 பேரைக் கூட்டிட்டு வந்தப்போ இங்க சில வயசானவங்க மட்டும்தான் இருந்தாங்க, அவர் காலத்துல மடம் மறுபடி எழுந்து நூத்துக்கும் மேல துறவிங்க ஆனாங்க. கட்டுப்பாடும் இங்கதான் அதிகம், சொல்லாம போனா கேட்லயே திருப்பி அனுப்புவாங்க. பழக்கம் இல்லாம முதல் தடவையே இதை எடுக்காதீங்க.

"எங்க வனத்து அந்தோணியார் மடம் எங்க?"ன்னு நம்ம கத்தோலிக்கர்கள் கட்டாயம் கேட்பாங்க. அது இங்க இல்ல, செங்கடல் பக்கம் ஸஃபரானாவுக்கு உள்ள. அவர் குகைக்கு ஆயிரத்துக்கு மேல படி ஏறணும். வனத்துச் சின்னப்பர் மடமும் அந்தப் பக்கம்தான். அது தனிப் பயணம், இதோட சேர்த்து முடிச்சிடலாம்னு நினைக்காதீங்க.

2. தேதி பாத்துட்டு டிக்கெட் போடுங்க, டிக்கெட் போட்டுட்டு தேதி பாக்காதீங்க

இதுலதான் நிறைய பேர் மாட்டுவாங்க. காப்டிக் சபையில நோன்பு நாள் வருஷத்துல பாதிக்கும் மேல. பெரிய நோன்பு நம்ம மாதிரி 40 இல்ல, 55 நாள். அந்த சமயத்துல மடங்கள் விருந்தாளிங்களைக் குறைச்சுடுவாங்க, சிலது மூடியே வச்சிடுவாங்க, அபூ மக்கார் முக்கியமா. கிறிஸ்துமஸ் நோன்பு நவம்பர் 25ல ஆரம்பிச்சு ஜனவரி 6 வரைக்கும் போகும், அவங்களுக்கு கிறிஸ்துமஸ் ஜனவரி 7. ஆகஸ்ட் 7ல இருந்து 21 வரைக்கும் மாதா நோன்பு. பெரிய நோன்புக்கு ரெண்டு வாரம் முன்னாடி நினிவே நோன்புன்னு மூணு நாள் வரும். அதாவது நமக்கு டிசம்பர் லீவு கிடைக்கும்போது அவங்க நோன்புல இருப்பாங்க, வெயில் இல்லாத பிப்ரவரி மார்ச்சுல பெரிய நோன்பு வந்து நிக்கும்.

அப்போ எப்பதான் போறது? என் கணக்குப்படி மூணு சந்து இருக்கு. அக்டோபர் தொடங்கி நவம்பர் 24 வரை. ஜனவரி 7க்கு அப்புறம் நினிவே நோன்பு வர்ற வரை, இதுல ஜனவரி 30 அவங்க அந்தோணியார் திருநாள், அன்னைக்கு செங்கடல் பக்கம் கூட்டம் அதிகமா இருக்கும், இந்தப் பக்கம் பிரச்சனை இல்ல. மூணாவது, ஈஸ்டருக்கு அப்புறம் 50 நாள், அந்த 50 நாள்ல புதன் வெள்ளி நோன்பு கூட கிடையாது. ஆனா அது அவங்க ஈஸ்டர், நம்ம காலண்டர் ஈஸ்டர் இல்ல, பல வருஷம் வேற வேற ஞாயித்துக்கிழமைல வரும், சரி பாத்துக்கங்க. இந்தக் காலத்துல கம்சீன்னு மணல் காத்து வேற அடிக்கும், ஆஸ்துமா இருக்குறவங்க இதை விட்டுட்டு அக்டோபரைப் பிடிங்க.

வாரத்துல திங்கள்ல இருந்து வியாழன் வரை நல்லது. எகிப்துல வார லீவு வெள்ளி சனி, அன்னைக்கு பங்குக் கோவில் பஸ்ஸெல்லாம் வந்து இறங்கும், பிள்ளைங்க சத்தம், பிரியாணி இல்லாத ஒரு பிக்னிக்தான் அது. ரமலான் மாசத்துல வர்றீங்கன்னா சாயங்காலம் நோன்பு திறக்குற நேரத்துல ரோட்டுல வண்டி கிடைக்காது, அதுக்கு முன்னாடியே மடத்துக்குள்ள போயிடணும்.

3. விசா, பேப்பர்

இந்திய பாஸ்போர்ட்னா விசாவை முன்கூட்டியே எடுத்துட்டுக் கிளம்புங்க. டெல்லில தூதரகம், மும்பைல துணைத் தூதரகம் இருக்கு, கல்ஃப்ல வேலை பாக்குறவங்க அந்தந்த நாட்டு எகிப்து கான்சுலேட்ல போடலாம். "போய் இறங்கினா அங்கேயே குடுத்துடுவாங்க"ன்னு ஒரு ஏஜென்ட் எனக்கு அடிச்சு சொன்னாரு. அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் மாதிரி விசா ஏற்கனவே இருக்குற இந்தியர்களுக்கு உள்ள சலுகையை எல்லாருக்கும் பொதுன்னு சொல்லி விக்கிறாங்க, ஜாக்கிரதை. ஏர்லைன்ஸ்கிட்ட ஈமெயில்ல கேட்டு பதிலை பிரிண்ட் எடுத்து வைங்க, போர்டிங் கவுண்ட்டர்ல அதுதான் பேசும். பிரிட்டன், கனடா, ஐரோப்பா பாஸ்போர்ட் வச்சிருக்குற நம்ம ஆட்களுக்கு இ-விசா இருக்கு, கவலை இல்ல. டூரிஸ்ட் விசா போதும்.

ஷார்ம் அல் ஷேக் வழியா வந்து சினாய் கத்தரீனம்மாள் மடத்தையும் பாக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்க ஏர்போர்ட்ல சினாய்க்கு மட்டும்னு 15 நாளுக்கு இலவசமா ஒரு முத்திரை குத்துவாங்க, அதை வச்சுகிட்டு கெய்ரோ பக்கம் வர முடியாது, முழு விசா வேணும்.

கையில இருக்க வேண்டியது: பாஸ்போர்ட் ஒரிஜினல், அதோட ஜெராக்ஸ் ரெண்டு, விசா பக்கம் ஜெராக்ஸ், திரும்பிப் போற டிக்கெட், அப்புறம் கீழ சொல்லப் போற கடிதம். எல்லாம் பேப்பர்ல. வழியில செக் போஸ்ட் இருக்கும், மடத்து கேட்லயும் பார்ப்பாங்க. 2017லயும் 2018லயும் மின்யா பக்கம் ஒரு மடத்துக்குப் போன பஸ்களைச் சுட்டதுக்கு அப்புறம் இந்த சோதனை எல்லாம் சீரியஸாதான் நடக்குது, அலுத்துக்காதீங்க, போலீஸ்காரரைப் போட்டோ எடுக்காதீங்க.

4. கடிதம், இதுதான் முக்கியம்

பகல்ல போய் சுத்திப் பாத்துட்டு வர்றதுக்கு அவங்க ஸியாரான்னு சொல்வாங்க, அதுக்கு பாஸ்போர்ட் இருந்தா போதும். தங்கி தியானம் பண்றதுக்குப் பேரு கல்வா. போன்ல பேசும்போது கல்வான்னு சொல்லுங்க, இல்லைன்னா டூரிஸ்ட்டுன்னு நினைச்சு "வாங்க வாங்க, திறந்திருக்கு"ன்னு சொல்லி வச்சிடுவாங்க, நீங்க பையோட போய் நின்னா "தங்கவா? யார் சொன்னா?"ம்பாங்க.

கல்வாவுக்குப் பங்குச் சாமியார் கடிதம் வேணும். காப்டிக் மக்களே தங்களோட பாவசங்கீர்த்தன சாமியார்கிட்ட கடிதம் வாங்கிட்டுதான் வர்றாங்க, நமக்கு மட்டும் இல்ல. கடிதம் லெட்டர்ஹெட்ல, இங்கிலீஷ்ல, முத்திரையோட, சாமியார் போன் நம்பரோட இருக்கணும். பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே பேர், பாஸ்போர்ட் நம்பர், எந்த சபை, எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரை, நோக்கம் ஜெபமும் மௌனமும்னு ரெண்டு வரி. அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது. நம்ம ஊர்ப் பங்குல "இவர் நல்ல கத்தோலிக்கர், அன்பியத்துல செயலர்"னு நீட்டி எழுதிக் குடுப்பாங்க, அதெல்லாம் அங்க யாருக்கும் புரியாது.

யாருக்கு அனுப்புறது? ஒவ்வொரு மடத்துக்கும் கெய்ரோவுல ஒரு இல்லம் இருக்கு, அனுமதி பெரும்பாலும் அது வழியாத்தான். ஆனா நேரா ஈமெயில் அனுப்பிட்டுக் காத்திருந்தா காத்திருக்க வேண்டியதுதான். வேலை நடக்குற வழி வேற: உங்க ஊர்ல காப்டிக் கோவில் இருக்கான்னு பாருங்க. துபாய், அபுதாபி, குவைத், லண்டன், டொரண்டோ, சிட்னி எல்லா இடத்துலயும் இருக்கு. கல்ஃப்னா வெள்ளிக்கிழமை பூசைக்குப் போங்க, முடிஞ்சதும் அபூனாவைப் பாருங்க, அபூனான்னா நம்ம "சாமி" கூப்பிடுற மாதிரிதான். கடிதத்தைக் காட்டி அரபில கீழ ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்க. பல சமயம் அவரே போனை எடுத்து மடத்துக்குப் பேசிடுவாரு. ஒரு மாசம் முன்னாடியாவது இதை ஆரம்பிங்க, போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மறுபடி போன் பண்ணி உறுதி பண்ணுங்க, ஏன்னா பிஷப் வர்றாரு, அறை இல்லன்னு கடைசி நேரத்துல மாறும்.

ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரின்னு கேளுங்க. முதல் தடவையே ஒரு வாரம் கேட்டா யோசிப்பாங்க.

5. பெண்களுக்கு

ஆண்கள் மடத்துல பெண்கள் பகல்ல வரலாம், ராத்தங்க முடியாது. கணவன் மனைவியா போனாலும் அதேதான், இதைத் தெரியாம ரெண்டு பேருக்கும் பிளான் போட்டு சாயங்காலம் ரோட்டுல நிக்கிறவங்க இருக்காங்க. குடும்பமா, இல்ல பெண்கள் தனியா போறதா இருந்தா அனஃபோராவைப் பாருங்க. அதே பாலைவன ரோட்டுல பிஷப் தோமாஸ் ஆரம்பிச்ச தியான இல்லம், வெளிநாட்டுக்காரங்க, எல்லா சபைக்காரங்க, ஆண் பெண் எல்லாரும் தங்கலாம், இங்கிலீஷ் பேசுற ஆளு இருப்பாங்க. அங்க தங்கிட்டு பகல்ல மடத்துக்குப் போயிட்டு வரலாம்.

பெண் துறவிங்க வாழ்க்கையைப் பாக்கணும்னா பழைய கெய்ரோவுல அபூ செஃபெய்ன் கன்னியர் மடம் இருக்கு. பகல்ல போய் ஜெபிக்கலாம், தங்குறதுக்குக் கடிதம், பரிச்சயம் ரெண்டும் வேணும், வெளிநாட்டு ஆட்களுக்குக் கஷ்டம்தான். எனக்கு இதுல ஒரு வருத்தம் உண்டு. சிங்க்ளெட்டிக்கா, சாரா, தியோடோரான்னு மூணு அம்மாக்கள் சொன்னது பாலைவனத் தந்தைகள் சொன்னதோட சேர்ந்தே பத்திரமா வந்திருக்கு, ஆனா அந்த வழியில போய் ஒரு ராத்திரி உட்கார்ந்து பாக்கணும்னா பெண்களுக்குக் கதவு சின்னது.

6. காசு

மடத்துல நுழைவுக் கட்டணம் இல்ல, தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் ரேட் கார்டு இல்ல. அதனால ஃப்ரீன்னு நினைச்சுடாதீங்க. கிளம்பும்போது காணிக்கைப் பெட்டில போடுங்க, இல்ல விருந்தினர் இல்லத்தைப் பாத்துக்குற அபூனாகிட்ட கவர்ல குடுங்க. எவ்வளவுன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க. கெய்ரோவுல ஒரு சுமாரான ஹோட்டல்ல ஒரு ராத்திரிக்கு என்ன குடுப்பீங்களோ அதைக் குடுங்கன்னு நான் சொல்லுவேன், வசதி இல்லாதவங்க குறைச்சுக் குடுக்கலாம், யாரும் எண்ணிப் பாக்கப் போறதில்ல.

பெரிய செலவு வண்டிதான். 2024 மார்ச்சுல எகிப்து பவுண்டு விழுந்ததுக்கு அப்புறம் ஒரு டாலர் 50 பவுண்டுக்குப் பக்கத்துல ஓடுது, டாலர்ல சம்பாதிக்கிறவங்களுக்கு லாபம், ஆனா பழைய வீடியோவுல சொல்ற ரேட் எதையும் நம்பாதீங்க. கெய்ரோவுலயே ஏடிஎம்ல பணம் எடுத்துக்கங்க, சின்ன நோட்டா மாத்திக்கங்க. சில்லறைக்கு அங்க ஃபக்கான்னு சொல்வாங்க, 200 பவுண்டு நோட்டை நீட்டினா டுக்டுக் காரருக்கு ஃபக்கா இருக்காது, இருக்கவே இருக்காது.

7. போற வழி

கெய்ரோவுல அபூத் டெர்மினல்ல இருந்து வாதி நத்ரூனுக்கு பஸ், மைக்ரோபஸ் கிடைக்கும். சிலது மெயின் ரோட்டு ரெஸ்ட் ஹவுஸ்ல இறக்கி விடும், சிலது உள்ள பீர் ஹூக்கர் ஊர் வரை போகும், ஏறும்போதே கேளுங்க. அங்க இருந்து டாக்சியோ டுக்டுக்கோ பிடிச்சு மடம். "தேர் அன்பா பிஷோய்"னு சொன்னா போதும், தேர்னா மடம், எல்லாருக்கும் தெரியும். அபூ மக்காருக்கு மட்டும் இந்த வழி சுத்து, அதுக்கு கெய்ரோவுல இருந்தே கார் பேசிட்டுப் போங்க.

ஆப்ல கார் புக் பண்ணிப் போகலாம், போறது ஈஸி, திரும்பும்போது அந்தப் பக்கம் கார் காட்டாது. போற டிரைவர்கிட்டயே திரும்புற நாள், நேரம், ரேட் பேசி அவர் நம்பரை வாங்கி வைங்க. பேசின ரேட்டை காகிதத்துல நம்பரா எழுதிக் காட்டிடுங்க, அப்புறம் தகராறு வராது. ஃப்ளைட் புக் பண்றதுக்கு முன்னாடி ஸ்பிங்க்ஸ் ஏர்போர்ட்டையும் பாருங்க, சில பட்ஜெட் ஏர்லைன்ஸ் அங்க இறங்குது, அது இந்த பாலைவன ரோட்டு மேலயே இருக்கு, கெய்ரோ டிராஃபிக்கைத் தாண்ட வேண்டியதில்ல. மத்தியானத்துக்கு முன்னாடி மடத்துல இருக்குற மாதிரி பாருங்க, இருட்டினப்புறம் கேட் திறக்க வைக்கிறது அவங்களுக்கும் தொல்லை.

8. உள்ள போனதும்

பையில என்ன இருக்கணும்னா, முழங்காலும் தோளும் மறையுற டிரஸ், ஸ்வெட்டர், ஏன்னா பகல்ல வெயில் இருந்தாலும் ராத்திரி குளிர் எலும்பு வரைக்கும் போகும், ஒரு துண்டு, சோப்பு, டார்ச், கழட்டி மாட்ட சுலபமான செருப்பு. அறை சின்னதா, கட்டில், மேசை, சிலுவைன்னு இருக்கும். ஹோட்டல் எதிர்பார்க்காதீங்க.

சாப்பாடு: நோன்பு நாள்ல அவங்க சாப்பிடுறதை ஸியாமின்னு சொல்வாங்க, பால் முட்டை கூட இல்லாத சுத்த சைவம். அவரைக்கொட்டையை வேகவைச்ச ஃபூல், பருப்பு, ரொட்டி, ஆலிவ். நம்ம சைவக்காரங்களுக்கு எகிப்துல இதைவிட நிம்மதியான சாப்பாடு கிடையாது. பசி தாங்காதவங்க கொஞ்சம் பேரீச்சம்பழம் வச்சுக்கங்க. பழைய காலத்து துறவிக்கு ஒரு நாளைக்கு ரெண்டு காஞ்ச ரொட்டி, ரெண்டும் சேர்ந்து ஒரு ராத்தல் கூட வராது, கொஞ்சம் உப்பு, தண்ணி. படிச்சிட்டு வந்து அதே மாதிரி இருந்து பாக்குறேன்னு சிலர் ஆரம்பிப்பாங்க, வேண்டாம். அளவு மீறின நோன்பு எதிரிகிட்ட இருந்துதான் வருதுன்னு சிங்க்ளெட்டிக்காவே கண்டிச்சிருக்காங்க. சுகர் மாத்திரை போடுறவங்க முக்கியமா கேட்டுக்கங்க.

விடியற்காலை 4 மணி வாக்குல மணி அடிக்கும், தஸ்பேஹா ஆரம்பிக்கும், அதுதான் புகழ்ச்சி ஜெபம். தாளமும் ஒரு இரும்பு முக்கோணமும்தான் வாத்தியம், மத்தபடி குரல் மட்டும், பாதி காப்டிக், பாதி அரபி, ஒண்ணும் புரியாது, புரியணும்னு அவசியமும் இல்ல. ஒண்ணு மட்டும் பிடிச்சுக்கலாம், "கிரியே எலேய்சோன்". ஒவ்வொரு வேளை ஜெபத்துலயும் 41 தடவை வரும், 39 சாட்டையடி, ஒரு முள்முடி, ஒரு ஈட்டின்னு கணக்கு. விரல் விட்டு எண்ணிகிட்டு கூட சேர்ந்து சொல்லுங்க. கம்பளம் விரிச்ச இடத்துல செருப்பைக் கழட்டிடணும், ஆணும் பெண்ணும் தனித்தனிப் பக்கம், பலிபீடத் திரைக்குப் பக்கத்துல போகக் கூடாது.

அப்புறம் நற்கருணை. இது பெரிய பொறி. காப்டிக் சபையில கத்தோலிக்கர், சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே யாருக்கும் நற்கருணை குடுக்க மாட்டாங்க. மலங்கரா ஆர்த்தடாக்ஸ், சிரியன் ஆர்த்தடாக்ஸ் ஆட்களுக்கு அவங்களோட சபை ஒற்றுமை உண்டு, வாங்கலாம், ஆனா முந்தின நாளே அபூனாகிட்ட சொல்லிடணும். மத்தவங்க வரிசைல போய் நின்னு சங்கடப்படாதீங்க. பூசை முடிஞ்சதும் குர்பான் ரொட்டின்னு ஒண்ணு எல்லாருக்கும் குடுப்பாங்க, பீடத்துக்குப் போகாத ரொட்டி, அதைத் தாராளமா வாங்கலாம். கையில வாங்கினதும் வாயில போடாம ஒரு நிமிஷம் பாருங்க. உள்ளங்கை அகலம், நடுவுல ஒரு பெரிய சிலுவை, சுத்தி 12 சின்ன சிலுவை அப்போஸ்தலர்களுக்கு, ஐஞ்சு காயத்துக்கு ஐஞ்சு துளை, ஓரத்துல வட்டமா காப்டிக் எழுத்துல கிரேக்க வார்த்தைகள். சுடச்சுட இருக்கும்.

9. அறைக்குள்ள உட்கார்றது

இதுக்குத்தான் இவ்வளவு பேப்பரும். ஒருத்தர் கறுப்பு மோசேகிட்ட போய் ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டாராம், போய் உன் அறையில உட்காரு, அறையே எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கும்னு அனுப்பிட்டாராம். கேக்க நல்லா இருக்கும், செய்யும்போது தெரியும்.

என்ன நடக்கும்னு முன்னாடியே சொல்லிடறேன். காலை ஜெபம், டீ எல்லாம் முடிஞ்சு 10 மணிக்கு அறைக்கு வருவீங்க. முதல் அரை மணி நேரம் புண்ணியவான் மாதிரி இருக்கும். அப்புறம் மணி பார்ப்பீங்க. ஜன்னலுக்குப் போவீங்க. மத்தியான சாப்பாடு எப்போன்னு யோசிப்பீங்க. இந்த மடத்துக்கு பதிலா அந்த மடம் போயிருக்கலாமோன்னு தோணும், வீட்டுல ஏதோ அவசரம் இருக்குற மாதிரி இருக்கும், டிரைவர் நம்பரைத் தேடுவீங்க. உங்களுக்கு ஆன்மீகம் ஒத்து வரலன்னு முடிவு பண்ணிடாதீங்க. இங்க இருந்து ரொம்ப தூரமில்லாத கெல்லியாவுல வாழ்ந்து 399ல செத்துப்போன எவாக்ரியுஸ்ங்கிற துறவி இதைத்தான் அக்கேதியான்னு சொன்னாரு, மனச்சோம்பல்னு வச்சுக்கலாம். காலைல 10ல இருந்து மத்தியானம் 2 வரைக்கும் முற்றுகை போடும், சூரியன் நகராத மாதிரி காட்டும், பகலுக்கு 50 மணி நேரம் இருக்குற மாதிரி ஆக்கும், 3 மணிச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் இருக்குன்னு வெளிய எட்டிப் பார்க்க வைக்கும், இந்த இடத்தையே வெறுக்க வைக்கும்னு அச்சு அசலா எழுதி வச்சிருக்காரு. பெருந்தீனி, காமம், பணத்தாசை, துக்கம், கோபம், அக்கேதியா, வீண்பெருமை, அகந்தைன்னு எட்டு எண்ணங்கள் அவர் பட்டியல்ல, அதுல பாரமானது இதுதான்னு அவரே சொல்றாரு.

மருந்தும் அவங்களே குடுத்திருக்காங்க. அந்தோணியாருக்கே இது வந்தப்போ, ஒரு ஆள் உட்கார்ந்து ஓலைக் கயிறு திரிக்கிறதும், எழுந்து ஜெபிக்கிறதும், மறுபடி உட்கார்ந்து திரிக்கிறதுமா இருக்குறதைப் பாத்தாராம், இப்படிச் செய், பிழைச்சுக்குவேன்னு குரல் கேட்டுதாம். அதனால கைக்கு ஒரு வேலை கொண்டு போங்க. செபமாலை கோர்க்கிற மணி, பின்னல், சங்கீதத்தை நோட்டுல கையால எழுதறது, எதுவா இருந்தாலும் சரி. அரை மணி நேரம் கைவேலை, எழுந்து நின்னு ஒரு சங்கீதம் வாய்விட்டு, மறுபடி கைவேலை. மனசுக்குள்ள படிக்காதீங்க, முணுமுணுக்கவாவது செய்யுங்க, அவங்க அப்படித்தான் செஞ்சாங்க. சங்கீதப் புத்தகம் பேப்பர்ல கொண்டு போங்க, போன்ல படிக்கிறேன்னா அடுத்த நிமிஷம் வேற எங்கயோ இருப்பீங்க.

நேரம் பிரிக்கிறதுக்கு அவங்க அக்பேயா உதவும், அதுதான் வேளை ஜெபப் புத்தகம். காலைல ஒண்ணு, 9 மணி, 12 மணி, 3 மணி, சாயங்காலம், தூங்கப் போற நேரம், நடுராத்திரின்னு ஏழு வேளை. எல்லாத்தையும் முழுசா சொல்ல முயற்சி பண்ணாதீங்க, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு சங்கீதம் போதும், ஆனா நேரம் தப்பாதீங்க.

போனை அணைச்சு விருந்தினர் இல்லத்து அபூனாகிட்டயே குடுத்துடறது நல்லது. நெட்வொர்க் நல்லாவே கிடைக்கும், அதான் பிரச்சனை. 2018ல துறவிங்க எல்லாரும் ஒரு மாசத்துக்குள்ள சோஷியல் மீடியா கணக்கை மூடணும்னு அவங்க சபையே உத்தரவு போட வேண்டி வந்துது, துறவிக்கே அந்த இழுப்பு இருந்திருக்கு. ஆத்தங்கரையில 60 வருஷம் குடியிருந்தும் சாரா அம்மா ஒரு தடவை கூட எட்டி ஆத்தைப் பாக்கலன்னு சொல்வாங்க. நமக்கு ஒரு ராத்திரி.

சாயங்காலம் மதிலுக்குள்ளயே நடங்க. ஆர்செனியுஸ் சனிக்கிழமை சாயங்காலம் சூரியனுக்கு முதுகைக் காட்டி கை விரிச்சு நிப்பாராம், மறுநாள் சூரியன் முகத்துல அடிக்கிற வரைக்கும். அதைக் கேட்டுட்டு தனியா பாலைவனத்துக்குள்ள போய் நிக்கக் கிளம்பாதீங்க, காவல்காரங்க தேடிட்டு வருவாங்க, உங்களுக்குக் கடிதம் குடுத்த சாமியாருக்கும் கெட்ட பேரு.

10. அபூனாகிட்ட பேசறது

இங்கிலீஷ் பேசுற அபூனா இருக்காரான்னு வந்த அன்னைக்கே கேட்டு வைங்க, சில பேருதான் இருப்பாங்க. கல்யாணப் பிரச்சனை, வேலைப் பிரச்சனைன்னு முழுக் கதையும் சொல்ல ஆரம்பிச்சா அவர் பொறுமையா கேட்பாரு, ஆனா மொழி பாதியில உடைஞ்சிடும். அந்தக் காலத்துல இளையவங்க பெரியவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டு வாங்கிட்டுப் போய் வருஷக்கணக்கா அதை வச்சுகிட்டு வாழ்ந்தாங்க. நீங்களும் ஒரு கேள்வியை எழுதி வச்சுக்கங்க, ரெண்டு வரில. பதில் ரொம்ப சாதாரணமா இருக்கும், "தூங்கப் போறதுக்கு முன்னாடி மன்னிச்சிடு" அந்த மாதிரி. விளக்கம் கேட்டு நோண்டாதீங்க. சபை வித்தியாசத்தைப் பத்தி வாதம் வேண்டவே வேண்டாம், போப்பாண்டவர் பேச்சு எடுத்தா அங்க வேற போப் இருக்காரு.

11. கிளம்பும்போது

அறையைக் கூட்டி, போர்வையை மடிச்சு வச்சுட்டு, காணிக்கையைப் போட்டுட்டு, டிரைவருக்கு முந்தின நாள் ராத்திரியே மெசேஜ் போட்டு உறுதி பண்ணுங்க. வெள்ளிக்கிழமை கிளம்புறதா இருந்தா மத்தியானத் தொழுகை நேரத்துல வண்டி கம்மி, காலைலயே கிளம்பிடுங்க. மடத்துக் கடையில அவங்க தோட்டத்துல விளைஞ்சது கிடைக்கும், நான் ஆலிவும் எண்ணெயும் வாங்குவேன். ஜாடியை ரெண்டு பிளாஸ்டிக் பையில கட்டி செக்-இன் பெட்டிக்குள்ள வைங்க, கையில எடுத்துட்டுப் போற பையில வச்சா கெய்ரோ ஏர்போர்ட்ல பிடுங்கி வச்சுக்குவாங்க.